போய்ச்சேரும் நேரம்

உலான்பாத்தரில் பிப்ரவரி.
ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
நிலக்கரிப் புகை நிற்கிறது,
வேறு போக்கிடம் இல்லாத விருந்தாளி மாதிரி.
உள்ளே நான் ஜூலையைத்
தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆண்ட்வெர்ப்பில் ஒரு பல்மருத்துவர், பெயர் யோரிஸ்.
கூட்டமில்லாத புத்த தேசம் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம்.
பத்தொன்பது கேள்விகள் அனுப்பியிருக்கிறார்.

கூட்டம் இருக்குமா?
ஒட்டகங்களைச் சேர்த்தால்தான்.
கழிப்பறை உண்டா?
உண்டு. சில இடங்களில் கதவும் உண்டு.
சைவ உணவு?
மாவு, உருளைக்கிழங்கு, மறுபடி மாவு.
மடாலயத்தில் செருப்பைக் கழற்ற வேண்டுமா?
தொப்பியைக் கழற்றுங்கள்.
வாசற்படியை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.

பதினேழாவது கேள்விக்கு
ஒரு அட்டவணையே வரைந்திருக்கிறார்.
கிளம்பும் இடம், கிளம்பும் நேரம்,
தூரம், போய்ச்சேரும் நேரம்.
ஒன்பது நாள், ஒன்பது வரிசை,
கோடுகள் அவ்வளவு நேர்.
எங்கள் ஊர்ப் பாதை எதுவும்
அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

லுவ்சன்தாஷைக் கூப்பிட்டேன்.
முப்பது வருடமாகக் கோபியில் வண்டி ஓட்டுகிறவர்.
சாம்பல் நிற ரஷ்ய வேன்,
அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது.
கையுறையை ரேடியேட்டர்மேல் காயப்போட்டார்.
உப்புப் போட்ட பால்தேநீரை ஊதினார்.
முதல் நாள் எத்தனை மணிக்குப்
போய்ச்சேருவீர்கள் என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார்.
புகையைப் பார்த்தார்.
"ஆறு இருக்கு" என்றார்.
"அதில் தண்ணி இருக்குமா தெரியாது.
அப்புறம் மணல் இருக்கு.
கீழே நிற்கிற என் வண்டிக்குக் காதும் இருக்கு."

நானும் தெரிந்தவள்தான்.
இதைக் கேட்டால் அச்சு முறியும் என்பார்கள்.
கேட்காவிட்டாலும் முறியும்,
ஆனால் அது வெறும் ரிப்பேர்.

ஆறாம் நாள்: இடிந்த மடாலயம், நாற்பத்தைந்து நிமிடம்
என்று போட்டிருந்தேன்.
"அங்கே சுவர்தானே இருக்கு?"
முப்பத்தேழில் இடித்தவர்கள்
எதனாலோ விட்டுப்போன ஒரு சுவர்.
பக்கத்தில் புதிதாக வெள்ளை ஸ்தூபி.
அதைக் கட்டிய லாமாவுக்கு
ஒரு மோட்டார்சைக்கிளும் இரண்டு பல்லும்.

"சாயங்காலம்தான் சுவர் நிழல் விடும்.
ஆடுகள் வந்து சாயும்.
அப்புறம்தான் லாமா வாயைத் திறப்பார்.
நாற்பத்தைந்து நிமிடத்தில்
சாணி அடுப்பே பிடிக்காது, பெண்ணே."

எண்ணை அழித்தேன்.
சுவர், என்று மட்டும் எழுதினேன்.

இந்த முறை நான் போகவில்லை.
மொழிபெயர்க்க நர்மந்தாக் போகிறாள்.
எனக்கு ஜூலை பதினான்கு என்று
டாக்டர் அடிக்கோடிட்டுக் கொடுத்திருக்கிறார்,
அவர்கள் சுவரைப் பார்க்கிற நாள்.
அலுவலகத்தில் எல்லோரும் தேதி கேட்டாயிற்று,
மாமியார் இரண்டு முறை,
வங்கிக் காசாளர் கூட.

லுவ்சன்தாஷ் கேட்டதில்லை.
போன வாரம் வீட்டில் இறக்கிவிட வந்தபோது
பள்ளமில்லாத சுற்றுவழியில் போனார்.
முன்சீட்டில் ஓர் ஆட்டுத்தோல் மடித்துக் கிடந்தது.
அதைப் பற்றி நானும் பேசவில்லை,
உட்கார்ந்துகொண்டேன்.

மாலை அட்டவணையை அனுப்பினேன்.
கிளம்பும் நேரம்: காலையில், சக்கரத்துக்குப் பால் தெளித்த பிறகு.
தூரம்: இருநூற்று அறுபது கிலோமீட்டர்,
ஆறு அனுமதித்தால்.
கடைசிப் பத்தி மேலிருந்து கீழ்வரை வெள்ளை.

பத்தே நிமிடத்தில் பதில்:
போய்ச்சேரும் நேரம் விடுபட்டுள்ளது. பிழையா?

இல்லை என்று அடித்துவிட்டு
அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.
கீழே வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாகப் புகைக்குள் நுழைந்தன.
விலாவில் ஓர் உதை,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

பிழை இல்லை.
வெயிலுக்குத் தொப்பி கொண்டுவாருங்கள்.
வாய்க்குள் விட்டுப் பார்ப்பீர்களே,
அந்தச் சின்னக் கண்ணாடி,
முடிந்தால் அதையும்.